டிரைவருக்குப் பொருந்திய கீபோர்டு

நம் பள்ளிக்கூடக் குழுவில் நேற்றுச் சாயங்காலம் ஒருத்தி கேட்டிருந்தாள். பேத்திக்குக் கீபோர்டு வாங்க வேண்டுமாம், எது நல்லதென்று யாராவது சொல்லுங்களேன் என்று. அரை மணி நேரத்துக்குள் பதில்களைக் கொட்டிவிட்டீர்கள். எத்தனை ரிதம் இருக்கிறது என்று பார்த்து வாங்கு என்றாள் ஒருத்தி. ஐந்நூறு வாத்தியச் சத்தம் வருகிற மாதிரி வாங்கு என்றாள் இன்னொருத்தி. எடுத்ததுமே பெரிசாக வாங்கிப் போட்டுவிடு, பின்னால் உதவும் என்று ஒரு புண்ணியவதி. நடுவில் இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். எதற்கென்று அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஒருத்தியாவது அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வாசிக்கத் தெரியும் என்று கேட்டாளா? எத்தனை நாளாக வாசிக்கிறது, எதில் வாசிக்கிறது, ஒரு கையா இரண்டு கையா என்று கேட்டாளா? இல்லை. பட்டனை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன். ஐம்பதைத் தாண்டி, முட்டி வலிக்கு எண்ணெய் சொல்லிக்கொள்கிற வயதில் இவளுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று நினைக்கிறவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம். மற்றவர்கள் கேளுங்கள். நாம் எட்டாம் வகுப்பு படித்த வருஷம், கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் நடந்தது இது. நீங்கள் எல்லோரும் கூடவேதான் இருந்தீர்கள். ஆனால் ஒருத்திக்கும் தெரியாது. நான் சொன்னதே இல்லை.

பிரார்த்தனை மண்டபத்தில் மேடைக்கு இடது பக்கம் ஒரு பியானோ இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? மூடியைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசம் அடிக்கும். வெள்ளைக் கட்டைகள் பழுத்துப் பல் நிறத்துக்கு வந்திருக்கும். நடுவில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் மேலே வராது, நகத்தால் தூக்கிவிட வேண்டும். உங்களுக்கு அது பை வைக்கிற மேசை. எனக்கு அப்போது உலகத்தில் இருந்ததே அது ஒன்றுதான்.

அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. நாமக்கல்லில் யாருக்குத்தான் இல்லை. கடைகளுக்கு முட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிற வேன்தான் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகும். அது வர ஐந்தரை ஆகும். நாலு மணிக்கு மணி அடித்து நீங்கள் எல்லாம் பஸ்ஸுக்கு ஓடின பிறகு நான் அந்தப் பியானோ முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் பாட்டு மிஸ் வாசித்ததை நினைவு வைத்திருந்து சாயங்காலம் கட்டைகளில் தேடிக் கண்டுபிடிப்பேன். முதலில் வலது கை, அப்புறம் இடது கை. ஐந்தாம் வகுப்பில் ஆரம்பித்தது. எட்டாம் வகுப்பு வருவதற்குள் இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யக் கற்றுக்கொண்டுவிட்டன. இடது கை அதன் பாட்டுக்கு அடியில் நடக்கும், வலது கை மேலே பாடும்.

ஒரு நாள் அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தால் பாட்டு மிஸ் கதவோரம் நிற்கிறார். திட்டப் போகிறார் என்று எழுந்துவிட்டேன். "உட்காரு. இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன். முழுசும் நின்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் என்னையும், நம் வகுப்புத் தறிக்காரர் மகளையும் கூப்பிட்டார். மாசியில் ஆண்டு விழா. கோரஸுக்கு அவர் முன்னால் நின்று கை காட்ட வேண்டும், அதனால் பியானோவில் ஒரு பெண் உட்கார வேண்டும். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி. தை பிறந்ததும் இரண்டு பேரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுவார். யார் உட்காருகிறாளோ அவளுக்கு அடுத்த வருஷத்திலிருந்து அவரே முறையாகச் சொல்லித் தருவார்.

அந்த இடம் எனக்குத்தான் என்று எனக்குத் தெரியும். தறிக்காரர் மகளுக்குமே தெரியும். அவளுக்கு அப்போது இடது கை வரவே வராது.

வீட்டிலும் தினம் ஒரு மணி நேரம் பழக வேண்டும், கீபோர்டு இருக்கிறதா என்று மிஸ் கேட்டார். அவள் இல்லை என்றாள். நான் எங்கள் மாமா வாங்கித் தருவார் என்றேன். மிஸ் டைரியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். கட்டைகள் முழு அளவு இருக்க வேண்டும். அறுபத்தொரு கட்டை இருக்க வேண்டும். அழுத்தி வாசித்தால் சத்தம் கூட வேண்டும். ரிதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதல் வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். நாலே வரி. இந்த நாலு வரிதான் நேற்று நீங்கள் அத்தனை பேர் சேர்ந்தும் சொல்லாதது.

அதை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன அந்த வாரமே நான் பெரிய மனுசியாகிவிட்டேன். அவ்வளவுதான், பள்ளிக்கூடம் நின்றது. மாமா திருச்செங்கோட்டிலிருந்து வந்து இறங்கினார். அம்மாவுக்கு மூத்தவர், எனக்குத் தாய்மாமன். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி இரண்டு வைத்திருந்தார். வருஷத்தில் பாதி நாள் ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் போர் போட்டுக்கொண்டிருப்பார். முறைப்படி தென்னங்கீற்று வெட்டி வந்து வீட்டுப் பக்கவாட்டில் குச்சு கட்டினார். அதற்குள் என்னை உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். பதினைந்து நாள் வெளியே வரக்கூடாது. பதினாறாம் நாள் தெரட்டிச் சீர், தாய்மாமன் தட்டு வரிசையோடு வருகிற மஞ்சள் நீராட்டு.

மாமா கீற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டார். "அம்முணி, சீருக்கு உனக்கு என்ன வேணும்? கூச்சப்படாதே சாமி. மாமன் இருக்கறேன், கேளு."

"கீபோர்டுங்க மாமா" என்றேன்.

"அவ்வளவுதானா? வாங்கியாச்சுன்னு வெச்சுக்க."

நல்ல மனுசன். பாசத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அன்றைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மாவிடம் சீட்டை எடுத்துக் கொடுத்து, "இதை மாமாகிட்டக் குடுத்துருங்கம்மா, இதுல இருக்கற மாதிரியே வேணும்" என்றேன். அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

கொடுக்கவில்லை. இது எனக்குத் தெரிந்ததே போன வருஷம்தான். மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். ஏதோ பேச்சில் நான் மாமாவைக் குறை சொல்ல, அம்மா சாவகாசமாகச் சொல்கிறார்: "அந்தச் சீட்டை நான் எங்கே குடுத்தேன்? அண்ணங்கிட்டப் போயி இப்படித்தான் வேணும், அப்படித்தான் வேணும்னு எழுதிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? தாய்மாமன் சீரை யாராச்சும் அளவு சொல்லிக் கேட்டு வாங்குவாங்களா சாமி? அடுப்புல போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த மொச்சையை எடுக்கிறார். இத்தனை வருஷம் நான் மாமாவைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன், சீட்டைப் பார்த்தும் மதிக்கவில்லையே என்று. அவர் சாகிற வரைக்கும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. எண்பதை நெருங்குகிற அம்மாவை என்ன சொல்வது? கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் மொச்சைத் தொலியை அள்ளிக்கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கீபோர்டு எனக்கு. வாசிக்கப் போகிறவள் நான். அதைப் பற்றி ஒரு எழுத்தாவது தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். கடைக்குப் போகக்கூடாதவளும் நானேதான். நான் குச்சுக்குள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சேலத்துக்குப் போனது மூன்று ஆம்பிளைகள். மாமா, அப்பா, அப்புறம் மாமாவின் ரிக் வண்டி டிரைவர்.

டிரைவர் எதற்கு என்கிறீர்களா? மாமாவின் தொழில் வழக்கம் அது. ரிக் எடுத்தாலும் லாரி எடுத்தாலும் டிரைவர் ஏறி உட்கார்ந்து, லீவரை எல்லாம் இழுத்துப் பார்த்து, சரி முதலாளி என்று சொன்னால்தான் வாங்குவார். ஓட்டுகிறவன் கைக்கு ஒத்துவர வேண்டும் என்பார். எவ்வளவு நியாயமான பேச்சு! அந்த நியாயத்தைக் கொஞ்சம் நீட்டி, கீபோர்டை ஓட்டப் போகிறவள் யார் என்று யோசித்திருந்தால் நான் இன்றைக்கு மாத்திரை போட வேண்டியிருந்திருக்காது.

கடையில் நடந்ததை டிரைவர்தான் எனக்குச் சொன்னார். ஒரு தடவை இல்லை, பார்க்கிறபோதெல்லாம் பெருமையாகச் சொல்வார். கெங்கவல்லிப் பக்கத்துக்காரர், நம்மைப் போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட மாட்டார், ஆனால் மனசு தங்கம். கடைக்காரரும் விவரமான ஆள்தான் போல. முதல் கேள்வியையே சரியாகக் கேட்டிருக்கிறார். "யாருக்குங்க? ஏற்கனவே வாசிப்பாங்களா, இல்ல புதுசா கத்துக்கறவங்களா?"

மாமா அப்பாவைப் பார்த்திருக்கிறார். அப்பா என்ன கண்டார்? நான் வாசித்து அவர் கேட்டதே இல்லை. பள்ளிக்கூட வாசலில் என்னை ஏற்றிக்கொள்வது வேன் ஓட்டுகிறவர். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அப்பா சொன்னது இது: "பொட்டப் புள்ளைக்குங்க. சும்மா பொழுது போகத்தானுங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

நாலு வருஷம்! நாலு வருஷம் தினமும் ஒன்றரை மணி நேரம். நகம் உடைந்து, அந்த மேலே வராத கட்டையில் மாட்டி ரத்தம் வந்து, எச்சில் தடவிக்கொண்டு வாசித்த நாலு வருஷத்தை ஒரே வரியில் துடைத்துவிட்டார்.

கடைக்காரர் இரண்டு கீபோர்டை எடுத்து மேசையில் வைத்தாராம். ஒன்று நீளம், கட்டை எல்லாம் பெரிசு, ஆனால் மேலே பட்டன் கொஞ்சம்தான், லைட்டு ஒன்றே ஒன்று. இன்னொன்று அதில் முக்கால் நீளம், கட்டை எல்லாம் பொடிசு, ஆனால் மேலே பட்டன் அப்பிக் கிடக்கிறது, சிவப்பும் பச்சையுமாக லைட்டு ஓடுகிறது. மாமா டிரைவரைப் பார்த்து, "டேய், நீ கைய வெச்சுப் பாரு" என்றார். டிரைவர் முதலாவதில் ஒரு விரலை வைத்தார். டொய்ங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவதில் கடைக்காரர் ஒரு பட்டனை அமுக்கிவிட்டு இப்போது வையுங்கள் என்றார். வைத்தார். டிரம்ஸ் அடிக்கிறது, கிடார் கூட வருகிறது, விரலை நகர்த்தினால் எல்லாம் சேர்ந்து நகர்கிறது.

"மொதலாளி, ஒத்த வெரல வெச்சேன், ஒரு கச்சேரியே கெளம்பிடுச்சு!" என்று கத்திவிட்டாராம். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம்.

"ஒண்ணுந் தெரியாத இவனே இந்தப் போடு போடறான். நம்ம புள்ள எடுத்துதுன்னா?" என்றார் மாமா. "இதையே கட்டுங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். தானாகத் தாளம் போட்டுக் கூடவே வாசிக்கிற கீபோர்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒன்றுமே தெரியாமல், ஒரு பாட்டை ஒரு விரலில் வாசித்துச் சந்தோஷப்பட வேண்டும் என்கிறவருக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. நன்றாகத் தேறினவருக்கும் அது உதவும், இடது கை போடுகிற ஸ்வரத்தைக் கேட்டு அது பின்னால் வரும், தனி ஆளாகக் கச்சேரியே செய்யலாம். அதற்கு வேறு தரத்தில், முழுக் கட்டையோடு இருக்கிறது. நடுவில் இருக்கிற, கை வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளைக்குத்தான் அந்தப் பொடிக் கட்டை விஷம். அன்றைக்கு வாங்கினது டிரைவருக்கு அப்படியே பொருந்தியது. இரண்டு வருஷம் கழித்து அது அவரிடமே போய்ச் சேர்ந்தது. ரிக் வண்டிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஆசை தீர வாசிப்பாராம். அவருக்கென்றே வாங்கினது, அவரிடமே போனது. வழியில் என் கையைக் கெடுத்துவிட்டுப் போனது, அதுதான் கணக்கில் வரவில்லை.

சீர் அன்றைக்குத் தட்டுகள் வரிசையாக வந்தன. பழம், தேங்காய், பட்டு, அப்புறம் டிரைவர் தலையில் கீபோர்டு. செவ்வந்தி மாலை போட்டு, மூலையில் சந்தனம் வைத்து, கருப்புக் கட்டை ஒன்றின் மேல் குங்குமம் வேறு. பேட்டரி போட்டு ரிதத்தை முடுக்கிவிட்டிருந்தார்கள். தெரு முழுக்கத் தவிலோடு போட்டி போட்டுக்கொண்டு டிக்கு டிக்கென்று அடித்துக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டபோதே எனக்குச் சீட்டு ஞாபகம் வந்தது. மிஸ் ரிதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றுதானே எழுதினார்?

என் மடியில் கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்தேன். என் ஒரு விரல் வைத்தால் பக்கத்துக் கட்டையில் பாதியையும் சேர்த்து மூடியது. நெகிழித் தாளின் வாசம், அதற்கு மேல் சந்தன வாசம். "வாசி சாமி" என்றார் மாமா. இரண்டு கையையும் வைத்தேன். விரல் ஒன்றோடொன்று முட்டியது. ஐந்து ஸ்வரம் சேர்த்து அழுத்தினால் முதலில் அழுத்தினது ஊமையாகிவிட்டது, அந்தப் பெட்டிக்கு ஒரே நேரத்தில் நாலுக்கு மேல் வராது. நான் தடுமாறுவதைப் பார்த்து மாமா குனிந்து பட்டனைத் தட்டிவிட்டார். டிரம்ஸ், கிடார், எல்லாம் கிளம்பியது. பதறிப்போய் ஒரே ஒரு கட்டையை அமுக்கியபடி உட்கார்ந்திருந்தேன்.

சனமெல்லாம் கை தட்டியது. "இப்பத்தான் தொட்டா, அதுக்குள்ள எப்படி வாசிக்கறா பாருங்க!" என்றார் அத்தை. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்தலைச் சுற்றிவந்தார். ஒன்றும் தெரியாத பிள்ளையாம், ஒரே நாளில் வித்துவானாகிவிட்டதாம். நான் நாலு வருஷமாகத் தெரிந்துவைத்திருந்ததை ஒருத்தரும் கேட்கவில்லை. வாசிக்காததற்குக் கை தட்டினார்கள்.

திரும்பப் பள்ளிக்கூடம் போனபோது இரண்டு மாற்றம். பெரிய மனுசி சாயங்காலம் தனியாக அங்கே உட்கார்ந்திருக்கக்கூடாதென்று வேன் நாலு மணிக்கே வந்து நிற்க ஆரம்பித்தது. என் பியானோ போயிற்று. இன்னொன்று, தறிக்காரர் மகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பியானோவில் பழகிக்கொண்டிருந்தாள். "அவ வீட்ல கீபோர்டு இல்ல. உனக்குத்தான் கிடைச்சிருச்சே" என்றார் மிஸ். ஆமாங்க மிஸ் என்றேன்.

அப்புறம் இரண்டு மாதம் அந்தப் பொம்மையில்தான் பழகினேன். வேறு என்ன இருந்தது? மேலே போட்டிருந்த நெகிழித் தாளை எடுக்க அம்மா விடவில்லை, சீர்ப் பொருள் அழுக்காகிவிடுமாம். விரல் வேர்த்து அதில் ஒட்டும். வெளியே தீவன அரவை ஓடும், தவிட்டுத் தூசி வந்து படியும். யாராவது விருந்தாளி வந்தால் அப்பா கூப்பிடுவார், "அம்முணி, பாட்டைப் போடு" என்று. வாசி என்று இல்லை, போடு. நானும் பட்டனை அமுக்கிப் போட்டுவிட்டு வந்து உட்காருவேன். ஆனால் தினமும் ஒரு மணி நேரம், ஒரு நாள் விடாமல் பழகினேன். விரலை மடக்கி, உள்ளங்கையைக் குறுக்கி, அந்தப் பொடிக் கட்டையிலும் இரண்டு கையால் முழுப் பாட்டையும் கொண்டுவந்துவிட்டேன். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! கை எதைத் தொடுகிறதோ அதைத்தான் கற்றுக்கொள்ளும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பொங்கல் முடிந்து மிஸ் எங்களைக் கூப்பிட்ட நாளும் வந்தது. மண்டபத்தில் மிஸ், நான், தறிக்காரர் மகள் மூன்று பேர்தான். வேன் ஓட்டுகிறவருக்கு அன்றைக்குக் காய்ச்சல், அப்பாவே என்னைக் கூட்டிப்போக வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றார். முதல் தடவையாக நான் பியானோ வாசிப்பதைக் கேட்கப் போகிறார். அவருக்கு முன்னால் நன்றாக வாசித்துவிட வேண்டும் என்று எனக்குக் கை எல்லாம் பரபரத்தது.

உட்கார்ந்தேன். அதே பியானோ, அதே பாச்சை உருண்டை வாசம். ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே வலது கை மேல் ஸ்வரத்துக்குப் போனபோது இரண்டு கட்டை முன்னாலேயே விழுந்தது. திருத்தினேன், இடது கை தப்பியது. எனக்கே புரியவில்லை. மனசுக்குப் பாட்டு முழுசும் தெரிகிறது, காதுக்குத் தெரிகிறது, கை மட்டும் ஒவ்வொரு தடவையும் தூரம் போதாமல் நடுவழியில் இறங்குகிறது. மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாம் தடவை அழுகை வந்துவிட்டது.

மிஸ் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மடங்கிப்போயிருந்த விரல்களை நீவிவிட்டார்.

"வீட்ல இருக்கறது சின்னக் கட்டையா?" என்றார்.

நான் மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சின்னக் கட்டைன்னா சொல்லிடு. உன் மேல தப்பே இல்ல. விழாவுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. நாளையிலேர்ந்து நீயும் மதியம் வந்து இதுலயே பழகு. கை திரும்பிடும். அப்புறமா முடிவு பண்ணிக்கலாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டினால்கூடப் போதும். கதவுப் பக்கம் பார்த்தேன். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் சீரை அளவு சொல்லிக் கேட்டு வாங்கக்கூடாது என்று அம்மா எனக்கு அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அதைக் குறை சொல்லக்கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலேயே எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

"இல்லைங்க மிஸ். பெரிய கட்டைதானுங்க. நீங்க எழுதிக் குடுத்த மாதிரியேதான் எங்க மாமா வாங்கிக் குடுத்தாருங்க. நாந்தான் பழகலைங்க" என்றேன்.

மிஸ் என் கையை விட்டார். "நல்லது கெடைச்சும் பழகலைன்னா நான் என்ன பண்ண முடியும்?" என்று சொல்லிவிட்டுத் தறிக்காரர் மகளை உட்காரச் சொன்னார்.

விழாவில் அவள் நன்றாகவே வாசித்தாள், பொய் சொல்ல மாட்டேன். நான் கோரஸில் மூன்றாவது வரிசையில் நின்று வாயை அசைத்தேன். வீட்டில் அன்றிலிருந்து ஒரே பாட்டு, அத்தனை பெரிய கீபோர்டு வாங்கிக் கொடுத்தும் அவளுக்கு வரவில்லை என்று. சொந்தக்காரர்கள் சொன்னார்கள், பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார்கள், என் பிள்ளைகளிடமும் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன். அந்த மண்டபத்துக்கு அப்புறம் நான் எந்தக் கட்டையிலும் கை வைத்ததில்லை.

அம்மா மேல் கோபம் உண்டு, மாமா மேல் இருந்தது, கடையில் வாய்க்கு வந்ததைச் சொன்ன அப்பா மேல் இப்போதும் உண்டு. ஆனால் என்னைத் தூங்கவிடாதது, மிஸ் வாசிக்கச் சொல்லிக் கேட்ட அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் நடந்தது.

வேனில் காலி முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன, குலுங்கும்போதெல்லாம் சரசரவென்றன. மோகனூர் ரோட்டில் பாதி தூரம் வந்திருப்போம். அப்பா முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"அந்த டீச்சரம்மா கேட்டப்ப எனக்குத் திக்குனு ஆயிருச்சு சாமி. சின்னக் கட்டைன்னு நீ சொல்லிருவயோன்னு. மாமன உட்டுக் குடுக்காமப் பேசுன பாரு, அதுதான் நம்ம ஊட்டுப் புள்ள."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடையில் இரண்டையும் பார்த்தவர்தானே. மிஸ் என்ன கேட்டார், நான் எதை மறைத்தேன், மறைத்ததால் எனக்கு என்ன போயிற்று, எல்லாம் தெரிந்துதான் அங்கே நின்றிருக்கிறார். ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து என் தலையில் வைத்தார். அதற்கு முன் அப்பா என்னைப் பாராட்டியதே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பியானோவை மறந்துவிட்டேன். வீடு வருகிறவரை சிரித்துக்கொண்டே போனேன்.